பூந்தோட்டத்து வெடி

சனிக்கிழமை, இரவு.

துறைமுக வீதி மதிலுக்குப் பின்னால் ஒரு பூந்தோட்டம் இருப்பதை இன்றுதான் கண்டேன். மகள் உள்ளே ஓடப் பார்த்தாள். வாசலில் ஆமிக்காரன். அவனிடம் அனுமதி கேட்க, பெரிய வீரனான எனக்கு வாய் வரவில்லை. "அங்க கண்ணிவெடி இருக்கு, பிள்ளை" என்று புளுகிவிட்டேன்.

சற்று நேரத்தில் கிண்ணியா ஊர்த் தாய் ஒருத்தி அவனிடம் சைகையால் கேட்டுவிட்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் புல்லில் விளையாட விட்டாள்.

"மாமி, வெடி இருக்காம்! அப்பா சொன்னவர்!" என்று என் மகள் கத்திக் குழறினாள்.

அந்த மனுசி பிள்ளைகளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். தமிழ் விளங்காத ஆமிக்காரன் முழித்தான். "நீங்க நல்லா இருக்கோணும், மகள்" என்று என் மகளின் தலையைத் தடவி அழுதாள். நானும் உண்மைதான் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

படுக்கும்போது மகள் கேட்டாள். "நான் செய்தது சரிதானே, அப்பா?"

ஓம் எண்டனான். வேற என்னத்தைச் சொல்ல?