மதுவுக்கு வந்த மெயில்கள்

மயிலாப்பூர்,
22-12-1999

அன்புள்ள மதுவின் அப்பாவுக்கு,

ஜெயலக்ஷ்மியின் நமஸ்காரம். க்ஷேமம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், இந்தத் தடவை கை வரவில்லை. இதை மெயிலிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது நீங்கள் ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரை மது பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டாள். எனக்கும் அதைத் தொடப் பிடிக்கவில்லை.

நேற்று சாய்நாத்தின் அப்பா கோதண்டபாணி வந்திருந்தார். கச்சேரி ரோட்டில் மதுவோடு வயலின் கற்றுக்கொண்டானே, போன வருஷம் அப்பாவுக்கு மாற்றலாகி பெங்களூர் போனானே, அந்த சாய்நாத். அவன் போய்விட்டான். ரத்தத்தில் புற்றுநோயாம். பதின்மூன்றாம் நாள் காரியமும் முடிந்து, அந்த மனுஷர் நேராக நம் ஆத்துக்கு வந்திருக்கிறார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "மதுவுக்கு எங்க பேர்ல ஏதாவது கோபமாம்மா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் மொதல்ல கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காருவான். தீபாவளிக்கு அப்புறம் அவகிட்டேர்ந்து ஒண்ணுமே வராது. நாங்க போன் பண்றோம்னா, வேண்டாம், அவளா எழுதட்டும்னுடுவான்" என்றார். போனில் ஒரு தடவை வர்ணம் வாசித்துக் காட்டச் சொல்லி மெயிலில் இவளைக் கேட்டிருந்தானாம். அனுப்பிய மெயில்களைச் சேர்த்து வைக்கிற வழக்கம் அவனுக்கு இல்லையாம், தேடிப் பார்த்துவிட்டார்கள்.

மது கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவுமே வரலையே மாமா என்றாள். தீபாவளிக்கு இவள் எழுதினாள், பதில் இல்லை. அவன் எழுதாமல் நான் எழுதுவேனா என்று ரோஷம். உங்கள் பெண்ணாயிற்றே.

அவர் கிளம்பியதும் வடக்கு மாட வீதி பூத்திலிருந்து உங்களுக்குப் போன் போட்டு, சாய்நாத்தின் மெயில்களை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ஆமாம், அவ பாக்கறதுக்கு முன்னாடி நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன். உடம்பு சரியில்லேன்னு எழுதியிருந்தான். அனுதாபம் தேடறதுக்குப் பசங்க இப்படித்தான் எழுதுவான்கள்" என்றீர்கள். அவன் செத்துப்போனான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

பையன்கள் போன் பண்ணக் கூடாது என்றீர்கள், சரி. அங்கிருந்தே மெயிலைத் திறந்து பார்க்க பாஸ்வேர்டு உங்களிடம் இருக்க வேண்டும் என்றீர்கள், குழந்தை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று நானும் தலையாட்டினேன். அவள் பக்கத்திலேயே உட்காரச் சொன்னீர்கள், காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் திறந்து பார்ப்பாள், ஒன்றும் இருக்காது, மூடிவிடுவாள். அப்பாடா, அந்தப் பையன் தொல்லை விட்டது என்று நினைத்தேனே, பாவி நான். நீங்கள் பெங்களூருக்கு ஒரு போன் போட்டு, நிஜமாகவே உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருக்கக் கூடாதா? மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு எதிலிருந்து இவளைக் காப்பாற்றினீர்கள்?

வெள்ளிக்கிழமை கோவிலில் அவள் வாசிப்பதாக இருந்தது. வரமாட்டேன் என்று வாத்தியாருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய். அழுதாலாவது தேவலை, அழவும் இல்லை. நீங்கள் அழித்ததை நான் சொல்லிவிட்டேன், மறைக்க முடியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா அதையெல்லாம் படிச்சாராம்மா?" படித்தார் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பொங்கலுக்கு வரும்போது அவளுக்கு எதுவும் வாங்கி வராதீர்கள். கோபித்துக்கொண்டு போன் பண்ணவும் வேண்டாம், அவள் வரமாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பையன் எழுதியதில் ஞாபகம் இருப்பதையெல்லாம் உங்கள் கையால் எழுதி அவளுக்கு அனுப்புங்கள். ஒரு வரியானாலும் போதும். கூட்டாமல், குறைக்காமல் எழுதுங்கள். அதைப் படித்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
ஜெயலக்ஷ்மி