நான் அழித்த ஐந்து கோடுகள்

மச்சான், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ செய்த இடுக்கியில் நேற்று அப்பளம் சுட்டேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், "அவரு ஞாபகமா வெச்சிக்கோங்கண்ணா" என்று உன் சம்சாரம், என் தங்கச்சி, கொடுத்தது. கையில் எடுத்தால் கிரீஸ் வாசனை இன்னும் அடிக்கிறது.

தாம்பரத்தில் நாம் வேலை பார்த்த தகரப் பட்டறையில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினுக்குள் வெறுங்கையால்தான் தகடு வைப்போம். எவன் விரல் எப்போது போகும் என்று தெரியாது. நீதான் இந்த இடுக்கியைச் செய்தாய். இதால் யார் பிடித்துத் தகடு நழுவினாலும் மிஷின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னாய். சனிக்கிழமை அதை எண்ணிப் பார்த்துவிட்டு, இடுக்கியைத் தட்டி, ராவி, சரி பண்ணுவாய்.

"இன்னா மச்சான், ஜெயில்ல நாள் எண்றியா?" என்பேன்.

"சிரி, சிரி. பத்து வெரலோட சிரி" என்பாய்.

ஒரு வாரம் நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். ஆட்கள் ஐந்து கோடு போட்டிருந்தார்கள். நீ திரும்பி வந்த அன்று, உன் முழியைப் பார்க்கலாமென்று அத்தனையும் துடைத்துவிட்டேன்.

"நீ இல்லாத வாரம் ஒண்ணுகூட நழுவல மச்சான்!"

நீ நம்பினாய். இடுக்கியைத் தொடாமலே வேலையில் உட்கார்ந்தாய். டீ வேளையில் சொல்லிச் சிரிக்கலாமென்று இருந்தேன். டீ வருவதற்குள் தகடு நழுவியது. பிடிக்க உன் கை தானாக உள்ளே போனது.

இரண்டு விரல்.

கோடு போட்ட ஆட்கள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு நீ வந்தபோது அவர், "எவன்டா அழிச்சது?" என்று குதித்தார்.

"யாருன்னு தெரிஞ்சி இன்னா சார் ஆவப்போவுது? சாக்பீஸுன்னா அழியத்தான் செய்யும். இனிமே ஆணியால கீறச் சொல்லுங்க" என்றாய்.

என் பக்கம் நீ திரும்பவே இல்லை. அப்புறம் அந்த மிஷினில் ஒருத்தன் விரலும் போகவில்லை. எட்டு விரலோடு நீயும் பத்து விரலோடு நானும் எத்தனை வருஷம் ஒரே ரயிலில் வந்துபோனோம். ஊரையே கிண்டல் பண்ணின வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நான்தான் மச்சான் அழித்தது. உனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று அப்பளம் நழுவி அடுப்பில் விழுந்தது. நீ சொன்னபடி சுவரில் ஆணியால் ஒரு கோடு கீறினேன். காலையில்தான் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள் என் பெண்சாதி. ராத்திரி எனக்குச் சோறு வாசலுக்குத்தான் வந்தது.