விமானத்துக்கு நீலம் அடித்தேன்

என் அன்பு ராசாத்திக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கிடங்குப் படியில் கால் லேசாகப் பிசகியதில் கொஞ்சநாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பதறாதே.

அறையில் தனியாகக் கிடந்த என்னைக் கீழ்வீட்டு பஸ் டிரைவர் அண்ணன் உப்புமூட்டையாகத் தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பிளாஸ்டிக் விமான பொம்மைகளை ஒட்டி வண்ணம் அடிப்பதில் அவருக்குப் பைத்தியம். பேனா மாதிரி ஒரு கருவி, காற்றோடு சாயத்தைப் பனிபோலத் தூவும். அதை என் கையில் கொடுத்துவிட்டார். நான் ஆசையில் கிட்டே வைத்து அழுத்த, இறக்கையில் சாயம் சளி மாதிரி ஒழுகியது. அவர் மாதக்கணக்கில் ஒட்டிய விமானம்! எனக்கு உயிரே போய்விட்டது.

அவரோ சிரித்தார். "அட விடுப்பா, என் முதல் விமானத்தைப் பார்த்தா நீ மயங்கியே விழுந்துடுவ. துடைச்சிட்டு மறுபடி அடி. கொஞ்சம் தள்ளிப் பிடி, கையை ஒரே இடத்துல நிறுத்தாதே. மெலிசா ஒரு பூச்சு, அது காயட்டும், அப்புறம் இன்னொண்ணு."

அப்படியே செய்தேன். இறக்கை பளிச்சென்று நீலமாகிவிட்டது. தினமும் சாப்பாடும் அங்கேதான். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான். நீ சாமி கும்பிடும்போது அவரையும் நினைத்துக்கொள்.

கருவியைத் துடைக்க மெல்லிய துணி வேண்டும். இங்கே கடையில் கிடைக்கும்தான். ஆனாலும் உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துவைக்க வேண்டாம்.

அண்ணன் தூக்கிப்போக வந்துவிட்டார்.

உன்,
நொண்டி பைலட்