எந்தக் கிடங்கை முதலில் பூட்டுவது

5 ஆகஸ்ட் 2002

ஜெர்மனி போக ஒரே ஒரு இடம்தான் என்று எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஓஸ்வால்ட் இன்று சொல்லிவிட்டார். நானா, கவினா? கவின் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஒரு நாள் துடைக்க வேண்டும்.

9 ஆகஸ்ட்

கவினுடைய புரோகிராமைப் படித்தேன். ஜெர்மன்காரர்களின் கிடங்குகளுக்கு இடையே சரக்கு மாற்றுகிற பகுதி. அனுப்பும் கிடங்கின் கணக்கை வேறு யாரும் தொட முடியாதபடி முதலில் பூட்டுகிறான், பிறகு வாங்கும் கிடங்கை. பெர்லினிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஒருவர் அனுப்பும் அதே நொடியில், ஹாம்பர்க்கிலிருந்து பெர்லினுக்கு இன்னொருவர் அனுப்பினால்? இவர் பிடித்த பூட்டுக்கு அவர் காத்திருப்பார், அவர் பிடித்ததற்கு இவர். இருவரும் விடமாட்டார்கள். எல்லாம் நின்றுவிடும்.

எந்தப் பக்கம் அனுப்பினாலும் எண் சிறியதாக உள்ள கிடங்கை முதலில் பூட்டினால் போதும். இருவரும் ஒரே கிடங்குக்குத்தான் முதலில் வருவார்கள், பிந்தியவர் காத்திருப்பார். இரண்டு வரி வேலை.

சொன்னேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். டீ குடிக்க நின்றிருந்த எல்லார் முன்னாலும், "ஜெர்மனி ஆன்சைட் வேணும்னா நேரா கேளு தமயந்தி. என் புரோகிராம்ல நொட்டை சொல்லாத" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் டீம் முகேஷ்கூட. அவனுக்குத் தெரிந்த ஒரே பூட்டு பைக் பூட்டு.

12 ஆகஸ்ட்

டெஸ்டிங் ராதா தனியாக உட்கார்ந்து கவினுடைய புரோகிராமில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்கிறாள். இங்கே எப்போதும் அப்படித்தான், ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர். இந்தத் தப்பு சிக்கவே சிக்காது. 'ரெண்டு பேரா அழுத்திப் பாருங்க' என்று நான் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

20 ஆகஸ்ட்

டெஸ்டிங் முடிந்தது. கவின் மைசூர்பாக் வாங்கி வந்தான். இரண்டு தின்றேன்.

2 செப்டம்பர்

கவினுடைய புரோகிராம் ஓட ஆரம்பித்த முதல் நாளே நின்றுவிட்டது. ஜெர்மனியில் எல்லாக் கிடங்கு வாசலிலும் லாரிகள் காத்துக் கிடக்கின்றனவாம்.

"நீ எஞ்சினியரா, இல்ல சும்மா சர்டிபிகேட்டா?" — எல்லார் முன்னாலும் ஓஸ்வால்ட் கவினைக் கேட்டார். கவின் புரோகிராமை மேலும் கீழும் உருட்டினான். என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். அவனே வந்து கேட்கட்டும் என்றிருந்தேன். வரவில்லை. அந்தத் திமிர். கடைசியில் ஓஸ்வால்ட்தான் வந்தார். இரண்டு வரி எழுதினேன். ஓடியது.

பொய் எதற்கு, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

4 செப்டம்பர்

கவினை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாசம் என்று சொல்லி ராதா அழுதாள். போகும்போது என் மேசைக்கு வந்தான். "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றான். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

10 செப்டம்பர்

ஓஸ்வால்ட் கூப்பிட்டார். விசாவுக்கு எடுத்த போட்டோவோடு போனேன்.

"அந்தப் புரோகிராம் உனக்கு மட்டும்தான்மா புரியுது. உன்னை அனுப்பிட்டா இங்க யார் பாக்கறது? முகேஷ் போகட்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

முகேஷா? முகேஷா? எனக்குக் கிடைச்சது கவினோட நாற்காலி, எது நின்னாலும் அடிக்கிற கவினோட சப்போர்ட் போன். என்னடி பண்ணி வச்சிருக்க தமயந்தி —

21 அக்டோபர்

முகேஷ் ஜெர்மனியிலிருந்து புதுப் பகுதி எழுதி அனுப்பியிருக்கிறான். பார்த்து ஒப்புதல் தர வேண்டியவள் நான். இவனும் கிடங்கு எண்ணைப் பார்க்காமல்தான் பூட்டியிருக்கிறான்.

நின்றுபோனால் இங்கே என் போன்தான் அடிக்கும். அடிக்கட்டும். அங்கே ஜெர்மன்காரர்கள் முன்னால் நிற்கப்போவது அவன்.

சரி என்று எழுதி அனுப்பினேன். பக்கத்து மேசையில் ராதா தனியாக உட்கார்ந்து அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள்.