ஐஸ் கட்டும் தட்டில் வைத்த ஊசி

செப். 16, செவ்வாய்
காலையிலிருந்து மழை. மலேசிய தின லீவு. நாளை புரட்டாசி பிறக்கிறது. பிரிட்ஜைக் கழுவியாச்சு. மேல் தட்டில் இருந்த இறால், கோழி எல்லாம் பக்கத்து வீட்டுச் சீன அக்காவுக்கு. கீழே மகனுடைய முட்டை. அவன் விரதம் இல்லை. முட்டைக்குப் பக்கத்தில் என் ஊசி மருந்தை வைக்க மனம் வரவில்லை. மேலே ஐஸ் கட்டும் தட்டுதான் சுத்தம். அங்கே வைத்தேன்.

ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் பேத்தி ஆர்த்தி நடனம். ஜடை நான்தான் பின்னுவேன் என்று எல்லாரிடமும் சொல்லியாச்சு.

செப். 18, வியாழன்
வெயில். ஊசி நாள். இரண்டு வாரம் ஆனாலே விரல் மடங்காது. என் மூட்டுவாதம் தேய்மானம் இல்லையாம். கிருமியை எதிர்க்க உடம்பே சுரக்கும் ஒரு சரக்கு, பேர் டி.என்.எஃப். எனக்கு அளவு மீறி, சொந்த மூட்டையே வீங்கவைக்கிறது. ஊசி போய் அதைப் பிடித்துக் கட்டிப்போடும். ரொம்ப அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம், அதனால் காய்ச்சல் நேரத்தில் ஊசி கூடாது. படித்தது அஞ்சாம் வகுப்பு, மருமகளுக்கே நான்தான் விளக்கினேன்.

எடுத்துப் பார்த்தால் ஊசி கல்லாக உறைந்திருந்தது. வெளியே வைத்தேன், உருகித் தெளிந்துவிட்டது. போட்டுவிடலாமா? மனம் கேட்கவில்லை. கிளாங் ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போன்.

"ஆன்டி, உறைஞ்சு உருகினத போடாதீங்க லா! பாக்க நல்லாத்தான் இருக்கும், மருந்து கெட்டிருக்கும். வேற எடுத்து வைக்கிறேன். கூட்டிட்டு வர மருமக இருக்காங்களா?"

"வெளிய போயிருக்காம்மா."

திரும்பினால் வாசல்படியில் மருமகள் சாந்தி.

"யாரு அத்தே வெளிய போனா?"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஊசி விஷயத்தில் யார் தயவும் வேண்டாம் என்று இருந்தவள் நான்.

செப். 19, வெள்ளி
விரல் நாலும் வீக்கம். சீப்பு நழுவுகிறது. வேறு வழியில்லை, சாந்தியிடம் சொன்னேன்.

"ஊசியையும் சைவமாக்கிட்டீங்களா அத்தே?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே கார் சாவியை எடுத்தாள்.

மாலை புது ஊசி. நானே போட்டேன். நாளைக்கே கேட்காது, சில நாள் ஆகும் என்றார் சிஸ்டர்.

செப். 21, ஞாயிறு
தூறல். விரல் அப்படியே. ஜடை சாந்தி பின்னினாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இழுத்துப் பின்னு, இன்னும் இழு" என்றேன்.

"பாட்டி, தலை வலிக்குது!" என்றாள் ஆர்த்தி.

கொஞ்சம் கோணல்தான். ஆனால் கடைசி ஆட்டம் வரை அவிழவில்லை. ஆர்த்தி மேடையை விட்டு இறங்கியதும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார், "ஜடை நீங்களா ஆன்டி?"

"என் மருமக" என்றேன்.