கித்தானில் ஒரு வெள்ளை இடம்

ஜனவரி 14, 1936

படத்துக்காக மூன்று மணி நேரம் அம்மணமாக உட்கார்ந்திருந்தேன். லியோண்டின் என்ன வரைந்தான்? ஜன்னலில் இருக்கிற சீமைமாதுளைப் பழத்தை! அதற்கு நான் எதற்குக் கழற்ற வேண்டும்? பாரீஸில் படித்தவனாம். புக்கரெஸ்டே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், குளிரில் விறைப்பது என் முதுகுதானே.

ஜனவரி 17

ஆஸ்பத்திரி. இடது மார்பில் இருப்பது கெட்ட கட்டியாம். மார்பையே எடுத்துவிட வேண்டும், பிப்ரவரி 24-இல். டாக்டர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தங்கை சவேத்தா டிராமில் வீடு வரை அழுதாள்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அதற்குள் படம் முடிய வேண்டும். ஓவியப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் மாடலாக நின்றிருக்கிறேன். பிள்ளைகள் கிறுக்கிய என் உடம்பெல்லாம் அடுப்பெரிக்கப் போயிருக்கும். முழுசாக ஒன்று, ஒன்றே ஒன்று மிஞ்சட்டும். லியோண்டினிடம் கட்டியைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. பரிதாபத்தில் குழைத்த சாயம் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 28

கம்பளம். இன்றும் அவன் வரைந்தது தரையிலிருக்கிற கம்பளத்தைத்தான்.

பிப்ரவரி 6

படத்தில் என் இடத்தில் மட்டும் வெறும் கித்தான், மாவில் அச்சு வைத்து வெட்டி எடுத்த மாதிரி. சுற்றிலும் கணப்பு, திரை, பழம், கம்பளத்தின் ஒவ்வொரு பூவும். கேட்டேவிட்டேன்.

“சுத்தி இருக்கறது சரியா அமைஞ்சா உடம்பு தானா வந்துடும், ப்ரொஃபிரா” என்றான்.

தானா வருமாமே! அப்ப நான் எதுக்கு? பூனையை உட்கார வைக்க வேண்டியதுதானே? இருபத்து மூணாம் தேதிக்குள் முடியுமா என்று கேட்டதற்கு, கண்காட்சி ஏப்ரலில்தான், என்ன அவசரம் என்று சிரித்தான். ஒரு தடவையாவது என்னை நேராகப் பார்த்திருக்கிறானா? ஓரக்கண்ணால் பார்ப்பான், உடனே கம்பளத்துக்கு ஓடிவிடுவான். பயந்தாங்கொள்ளி.

பிப்ரவரி 15

கம்பளத்தின் குஞ்சம்!! அதற்கு ஒரு நாள் முழுக்க.

பிப்ரவரி 22

கடைசி நாள். பழம் சுருங்கிவிட்டதென்று புதுப்பழம் வைத்து மறுபடி ஆரம்பித்தான். உடுத்திக்கொண்டேன். வாசலில், “திங்கக்கிழமை வருவ இல்ல?” என்றான். வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்றேன். நானே பார்த்துக்கொண்டேன். வேற யாரு பாக்கறா?

மார்ச் 1

கட்டு. வலி. சவேத்தா போய் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள், ஓட்டைவாய். ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான், மார்ச் முதல் நாள் நல்லதுக்குக் கட்டுகிற வழக்கம் என்று சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் ஒன்றைக் கொண்டுவந்து. மணிக்கட்டில் கட்டிவிட்டு, போர்வையின் கட்டங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இங்கேயும் துணிதான் கிடைத்தது அவனுக்கு!

ஏப்ரல் 20

போனேன். அவனிடம் ஏன் போனேன்? திட்டத்தான்.

படம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. திருப்பினேன். எல்லாம் முடிந்திருக்கிறது, நடுவில் என் வெள்ளை இடம் அப்படியே. கண்காட்சிக்கு அனுப்பவில்லையாம். வேறு ஒருத்தியை உட்கார வைத்திருக்கலாமே என்றேன்.

“அந்த இடம் உன் அளவு” என்றான்.

“இப்ப அளவு மாறிப்போச்சு, ஐயா.”

ரவிக்கையைக் கழற்றினேன். அவன் தரையைப் பார்த்தான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. “தரையில கம்பளந்தான் இருக்கு, அதத்தான் வரைஞ்சாச்சே. இங்க பாருங்க” என்றேன்.

பார்த்தான். தையல் தழும்பை, வலது மார்பை, முகத்தை. பிறகு தூரிகையை எடுத்தான். திரையை இழுத்து இடது பக்கத்தை மறைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மூன்று மணி நேரம். ஒரு தடவைகூடக் கம்பளத்தின் பக்கம் அவன் கண் போகவில்லை. கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.