பழுதுக்கு அஞ்சு ரூபாய்

1987 ஏப்ரல் 3

நான் சொல்லச் சொல்ல மருமகள் ராமலட்சுமி எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். ஆனால் எதுவும் மறக்காது. தெருவுக்கு அடிபம்பு வந்த அன்று, முதல் குடம் பிடித்தது பக்கத்து வீட்டுக் குருவம்மாள். பித்தளைக் குடம், கழுத்தில் ஒரு நசுங்கல்.

இன்று பம்பில் காற்றுதான் வந்தது. என் வயசுக் கூட்டாளிகள் மொக்கையன், தனுஷ்கோடி, நான் மூவரும் குழாயை உருவி வாஷரை மாற்றினோம். கடை வாஷர் சீக்கிரம் தேய்கிறது. பழைய செருப்புத் தோலில் வெட்டிப் போடுவது தனுஷ்கோடியின் யோசனை. அதை விளக்கெண்ணெயில் ஊறப்போடுவது மொக்கையன் கண்டது. நரிக்குடிக்காரர்கள் பார்த்துவிட்டுப் போய், ஓரத்தைச் சீவினால் இன்னும் நன்றாக உட்காருகிறது என்று சொல்லியனுப்பினார்கள். அதையும் சேர்த்துக்கொண்டோம். என் பங்கு? குழாயைப் பிடித்துக்கொண்டு இருவரையும் ஏசுவது. யாரும் யாரிடமும் காசு கேட்டதில்லை.

ஏப்ரல் 10

துபாயிலிருந்து திரும்பிக் கடை வைத்திருக்கும் சகாபுதீன் வந்தார். "வயசானவுகள சும்மா வேலை வாங்குறது உறுத்துதுண்ணே. இனி ஒவ்வொரு பழுதுக்கும் ஆளுக்கு அஞ்சு ரூபா நான் தாரேன்."

நல்ல மனுசன். மொக்கையன் "வேண்டாம் பாய்" என்றான், கையை நீட்டிக்கொண்டே.

ஏப்ரல் 28

போன வருஷம் முழுக்க நாலு பழுது. காசு வந்த பிறகு, அதற்குள் மூன்று. மொக்கையன் நட்டை முழுசாக முடுக்குவதில்லை. கேட்டால் "கை வலிக்குதுலே" என்கிறான். தோல் வெட்டுகிறவனுக்கு ஒரு ரூபாய் கூட வேண்டுமாம் தனுஷ்கோடிக்கு. "எண்ணெய் எவன் வீட்டு எண்ணெய்?" என்கிறான் மொக்கையன். அப்புறம் இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்து, "குழாயப் புடிக்கிறதுக்கு அஞ்சு ரூபாயா?"

நான் மட்டும் என்ன? இன்று பம்பு கிரீச்சென்றதும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் — இத எழுதாத தாயி.

மே 6

சேதி சகாபுதீன் காதுக்கு எட்டிவிட்டது. ஏற்பாட்டை மாற்றினார். பழுதாகாத வாரத்துக்குத்தான் இனிக் காசு.

மே 12

பம்பைக் காவல் காக்கிறோம். "மெல்ல அடி! ரெண்டு குடம் போதும்!" தனுஷ்கோடி கைப்பிடியைக் கட்டிப் பூட்டே போட்டுவிட்டான். குருவம்மாள் காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏன் மாமா, மூணு பேருஞ் சேந்து பம்புக்குத் தாலி கட்டிட்டீகளா? அடுத்தவ தொடக் கூடாதோ?"

தெருவே சிரித்தது. சகாபுதீன் தலையில் கைவைத்துக்கொண்டார். "இனி காசே கெடையாது, போங்கண்ணே."

மே 19

பம்பு நின்றுவிட்டது. மூவரும் அவரவர் வீட்டில். யார் முதலில் போவது? முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வியே வந்ததில்லை.

மே 21

பெண்கள் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டப் போகிறார்கள், இந்த வெயிலில். ராமலட்சுமி எனக்கு அரைச் சொம்புதான் வைத்தாள். இதை எழுதும்போதும் முகம் அந்தப் பக்கம்.

மே 22

குருவம்மாள் வாசலில் நின்று பேசினாள். என்னிடம் அல்ல, ராமலட்சுமியிடம்.

"பாளையம்பட்டியிலருந்து ஒரு மெக்கானிக்கு நாளைக்கு வாராரு. நம்ம வாஷரப் பத்திச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்காருக்கா. 'அது வாஷரா, செருப்பா'ங்காரு."

செருப்புத்தான்! அதுக்கு? எவன் அவன்? அவன் வாஷரு எத்தனை மாசம் தாங்கும்?

துண்டை உதறிக்கொண்டு போனேன். மொக்கையன் வாசலுக்கும் இந்தப் பேச்சு போயிருக்கிறது; அதற்குள் பம்பின் தலையைக் கழற்றியிருந்தான். தனுஷ்கோடி புதுத் தோலோடு ஓடி வந்தான்.

"ஏலே, வாயப் பாக்காமக் குழாயப் புடி," என்றான் மொக்கையன். "அவன் வாரதுக்குள்ள தண்ணி கொட்டணும்."

கை வலிக்கிற ஆள் முடுக்கிய முடுக்கில் ஸ்பானர் வளைந்துபோயிற்று.

ஜூன் 14

பம்பு நன்றாக இருக்கிறது. பாளையம்பட்டிக்காரன் இன்றுவரை வரவில்லை. குருவம்மாளிடம் கேட்டேன்.

"எந்த மெக்கானிக்கு மாமா?" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மொக்கையனிடம் சொல்லவில்லை. அவன் இன்னமும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டேதான் பம்பின் தலைக்குள் இருக்கும் சங்கிலிக்குக் கிரீஸ் போடுகிறான்.